மூன்று மதியங்களில் கறுத்த அக்கா

நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி படம் போட்டிருந்தாள். தீவு, நீலத் தண்ணீர், தென்னை மரம். பேத்தி கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடையில், தொப்பிக்குள் முகம் தெரியாமல் நிற்கிறாள். கீழே, "கறுத்துடுவான்னு அம்மாக்காரிக்கு ஒரே பயம்" என்று எழுதி மூன்று சிரிக்கும் முகங்கள். நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று தனியாகக் கேட்டவளுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியாயிற்று, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படியுங்கள்.

எண்பதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பா தினமும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தார். அந்த வருடக் கடைசியில் அவருக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கவர் வந்தது. நீண்ட கால உழைப்பைப் பாராட்டி, பங்கோர் தீவில் ஒரு ரிசோர்ட்டில் நான்கு இரவுகள் தங்கலாம், இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், காலைச் சாப்பாடு இலவசம். அப்பா அதைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை படித்தார். வேறு யாருக்கோ வந்தது தவறிப்போய்த் தனக்கு வந்துவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். மறுநாள் ஆபீஸில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் சிரித்தார்.

அதே மாதம் எங்கள் வீட்டுக்கு இன்னொரு கடிதமும் வந்திருந்தது. அது அக்காவுக்கு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், நாங்கள் மக்தாப் என்போமே, அங்கே இடம் கிடைத்திருந்தது. ஜனவரியில் ஜொகூருக்குப் போய்ச் சேர வேண்டும். கூடவே ஒரு ஃபாரம். அப்பா கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

அப்பா போடவில்லை. காரணம் அத்தை. அப்பாவின் அக்காவான அவர் சுங்கை வேயில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். ஃபேக்டரியில் சூப்பர்வைசர், சொந்த வீடு, ஒரே பிள்ளை. ஸ்டூடியோவில் எடுத்த அக்காவின் படம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தீவிலிருந்து நாங்கள் வெள்ளிக்கிழமை திரும்பியதும், அந்த ஞாயிற்றுக்கிழமையே பெண் பார்க்க வருகிறார்கள். "மாப்பிள்ளை வீட்டு முடிவு தெரியட்டும், அப்புறம் கையெழுத்துப் பத்திப் பேசலாம்," என்று அப்பா அந்த ஃபாரத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீடு சரி என்றால் மக்தாப் போயிற்று. இது அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இங்கே நிறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா அம்மாவைப் போல, உரித்த வெங்காயம் என்று அத்தை சொல்வார். நான் அப்பாவைப் போல. அதற்கு அத்தை என்ன சொல்வார் என்பதை நான் எழுதப்போவதில்லை, நீங்கள் எல்லோருமே ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் அத்தை வந்து அம்மாவிடம் பத்திரம் சொன்னார்.

"வெயில்ல விட்டுறாதம்மா. கடல் வெயில் பொல்லாதது. நாலு நாள்ல புள்ள கரியாப் போயிரும். அப்புறம் போட்டோ ஒண்ணு ஆளு ஒண்ணுன்னு அவங்க சொன்னா என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

அத்தை சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தட்டினார். "உனக்கென்ன லா, நீ நல்லா ஆடு. இனிமே கறுக்கறதுக்கு என்ன இருக்கு?"

அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்கு மறக்கவில்லை.

புடு பஸ் நிலையத்தில் விடியற்காலை ஏறி, லூமுட்டில் இறங்கி, பெர்ரி பிடித்துப் போனோம். பெர்ரியின் டீசல் புகையும், தீவின் படகுத்துறையில் கோரைப்பாயில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியின் வாசனையும் சேர்ந்து அம்மாவுக்குத் தலை சுற்றியது. அப்பா ஆபீஸ் ஷூவோடு வந்திருந்தார். வேறு செருப்பில் ரிசோர்ட்டுக்குப் போனால் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். நான்கு நாளும் அந்தக் கறுப்பு ஷூவோடுதான் மணலில் நடந்தார். மாலையில் அறை வாசலில் உட்கார்ந்து அதைக் கவிழ்த்துத் தட்டும்போது ஒரு கைப்பிடி மணல் கொட்டும்.

வரவேற்பு மேசையில் இருந்த மலாய்ப் பெண் கடிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இரண்டு பிள்ளைகள்" என்று இருந்ததால் எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தார். நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டை, அதில் ஒரு ஆமைப் படம். அதைக் காட்டினால் தினமும் ஒரு ஐஸ்கிரீம், காலையில் பிள்ளைகளுக்கான விளையாட்டு. அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அவள் அந்த ஆமை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "பாத்தியா, இங்கயாச்சும் என்னைப் புள்ளன்னு ஒத்துக்கிட்டாங்க," என்றாள்.

அந்த இடத்தை நான் எப்படிச் சொல்ல! மரக்கிளையில் பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவைகள், சாப்பாட்டுக் கூடத்தின் ஓரம் வரைக்கும் வந்து பழம் கேட்கும். சிமெண்டுத் தரை மத்தியானத்தில் கொதிக்கும், நீச்சல் குளத்துக்கு நொண்டியடித்துத்தான் ஓட வேண்டும். குளத்தின் ஒரு பக்கம் குழந்தைகளுக்காக ஆழம் குறைவாக, நீல ஓடு பதித்து இருந்தது. லாரி டயரின் உள்குழாய்களைக் காற்றடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். நான் ஒன்றை எடுத்து அதன் நடுவில் உட்கார்ந்தால் உச்சி வெயில் வரை எழ மாட்டேன். யாரும் கூப்பிடவில்லை. கறுத்துவிடுவாய் என்று யாரும் கத்தவில்லை. என்னை வேண்டாம் என்று ஒதுக்கியதில் எனக்கு ஒரு கடலே கிடைத்திருந்தது. வலித்தது. ஆனாலும் அந்தக் கடலை நான் ஒரு சொட்டு விடாமல் அனுபவித்தேன், அதற்காக இன்றும் யாரிடமும் வருத்தம் சொல்லப்போவதில்லை.

அக்கா குடைக்குக் கீழே. முழுக்கை வைத்த பாஜு கூரோங் சட்டையும் பாவாடையும், தலையில் துண்டு. அம்மா பக்கத்தில் பாய் விரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல். குடை நிழல் நகர நகர அக்காவையும் நகர்த்துவாள். ஒரு பிஸ்கட் டின் நிறையப் பயத்தமாவு கொண்டுவந்திருந்தாள். குழைக்கத் தயிர் இல்லை. முதல் காலைச் சாப்பாட்டில் சின்னக் கிண்ணங்களில் தயிர் வைத்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நான்கு கிண்ணம் எடுத்தாள். பரிமாறிய மலாய்ப் பெண், ஆன்டிக்குத் தயிர் என்றால் அவ்வளவு பிரியமா என்று சிரித்துக் கேட்டு மறுநாளிலிருந்து ஆறு கிண்ணம் எடுத்து வைத்தார். அவ்வளவும் அக்காவின் முகத்துக்கும் கைக்கும் போயிற்று. அப்பா ஒரு கிண்ணத்தைத் தின்னப் போய்த் திட்டு வாங்கினார்.

முதல் நாள் மாலை அக்கா என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"அங்க பாரு," என்றாள். கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எண்ணெய் தடவிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். "அவ காசு குடுத்து இவ்ளோ தூரம் வந்து கறுக்குறா. எப்படிக் கறுக்குறான்னு போய்க் கேட்டுட்டு வா."

"எதுக்குக்கா?"

"நான் கறுக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள. அவங்க பாத்துட்டு வேணாம்னு எந்திரிச்சிப் போகணும்."

நான் ஓடினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துப் பார்த்து, உனக்கு எதற்கு, செல்லம், உன்னிடம்தான் ஏற்கனவே இருக்கிறதே, எவ்வளவு அழகு என்றாள். எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். எண்ணெய், கடல் தண்ணீர், உச்சி வெயில், பக்கம் மாற்றி மாற்றி என்று கேட்டு வந்து அக்காவிடம் ஒப்பித்தேன். எண்ணெய்க்கு அம்மாவின் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா படுத்தால் மூன்று மணி வரை எழமாட்டாள். அறையில் குளிர்சாதனம் இருந்தது, அவள் வாழ்நாளில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. அப்பா ஷூவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவார். நாங்கள் நழுவி, கடற்கரையின் கோடியில் இருந்த பாறைகளுக்குப் பின்னால் போவோம். அக்கா அரைக்கை டீ ஷர்ட்டும் முட்டி வரைக்குமான பாண்டும் போட்டிருப்பாள், பள்ளிக்கூட விளையாட்டு உடை. பாறையில் படுத்துக்கொள்வாள். முகத்தில், கையில், காலில் எண்ணெய். நான் ஐஸ்கிரீம் டப்பாவில் கடல் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றுவேன். எண்ணெயும் உப்பும் கலந்து ஒரு தேங்காய்த் துவையல் வாசனை அடிக்கும்.

"திரும்புக்கா."

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

"கருகிடுவே."

"அதுக்குத்தானே லா வந்தோம்."

படுத்துப் படுத்து அலுத்துப்போனால் இருவரும் தண்ணீரில் இறங்குவோம். மிதப்பதற்கு நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கழுத்தைத் தளர விடு, வயிற்றை மேலே தூக்கு, காது தண்ணீருக்குள் போனால் பயப்படாதே. இரண்டாவது மதியம் அவள் மிதந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, ஆமை அட்டை நெஞ்சின் மேல் மிதக்க, வாய் நிறையச் சிரித்தாள். அந்த அட்டை அங்கேயே நூல் அறுந்து போய்விட்டது. எங்கள் இருவருக்கும் எட்டு வயது வித்தியாசம். அந்த மூன்று மதியங்களில்தான் அவள் எனக்கு அக்காவானாள்.

இரண்டாம் நாள் மாலையே அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. "குடைக்குள்ளயே இருந்தும் கறுக்குதே, கடக்காத்துதான்," என்று தயிரைக் கூட்டினாள். எண்ணெய் பாட்டில் வேகமாகக் குறைவதற்கு என் பரட்டைத் தலையைக் காரணம் சொன்னோம். கடைசி நாள் இரவுச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது அக்காவின் முழுக்கைச் சட்டை முழங்கைக்கு மேல் ஏறியது. டீ ஷர்ட் முடியும் இடத்தில் கோடு போட்ட மாதிரி இரண்டு நிறம். மேலே வெங்காயம், கீழே நான்.

அம்மா அக்காவை அடிக்கவில்லை. என்னை அடித்தாள்.

"நீதானேடி கூட்டிட்டுப் போனே? ஒண்ணு கறுப்பாப் பொறந்தது பத்தாதா, இருக்கிறதையும் கறுப்பாக்கணுமா?"

அக்கா நடுவில் வந்து, "நாந்தாம்மா போனேன், கடல்ல எறங்கணும்னு ஆசையா இருந்துச்சு," என்றாள். உண்மையை அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா எழுந்து வெளியே போய் ஷூவைத் தட்டினார். அன்றைக்கு அதில் மணலே இல்லை.

அம்மாவை இப்போது எனக்குப் புரிகிறது. கறுப்பான மனிதரைக் கட்டிக்கொண்டதற்காகத் தன் வீட்டாரிடமே பேச்சு வாங்கியவள். தன்னிடம் இருந்த ஒரே சொத்து அந்த நிறம்தான் என்று யாரோ அவளை நம்ப வைத்திருந்தார்கள். அது ஒரு பெண்ணுக்கு வந்தது, இன்னொருத்திக்கு வரவில்லை. வந்தவளுக்காகப் பயந்தாள். புரிகிறது என்றுதான் சொன்னேன். மன்னித்துவிடு, பாவம் என்று குழுவில் யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். அந்த அடியை நான் வாங்கியிருக்கிறேன், அதை என்ன செய்வது என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

திரும்பும் பெர்ரியில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மூக்கு நுனி உரிந்திருந்தது. திட்டம் பலித்த சந்தோஷத்தில், "பாரேன், எவ்ளோ கறுப்பு! இனி ஒருத்தனும் கட்டிக்க மாட்டான்," என்று என் கையோடு தன் கையை ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். மூன்று நாளாக மனதில் கிடந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"என்னை மாதிரி ஆனா யாருக்கும் வேணாம்னுதானே நீ கறுத்தே?"

நான் எழுந்து அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். வீடு வரைக்கும் அவளோடு பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தக்காளி, எலுமிச்சை, தயிர், எதுவும் பலிக்கவில்லை. அத்தை காலையிலேயே வந்து அக்காவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பவுடர் போட்டதில் அக்கா சாம்பல் பூசிய மாதிரி ஆனாள், கழுவிவிட்டுத் திரும்பப் போட்டார்கள். என்னிடம் சமையலறையை விட்டு வெளியே வராதே என்று அத்தை சொல்லிவிட்டார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா, மூவரும் வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரிதான், குனிந்த தலை நிமிரவில்லை. அவர் நல்ல கறுப்பு. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா படத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் எடுத்துப் பார்ப்பவரைப் போலத்தான் பார்த்தார். அக்காவின் வாயோரம் ஒரு சின்னச் சிரிப்பு ஒளிந்திருந்தது எனக்குத் தெரிந்தது. எழுந்து போகப்போகிறார்கள் என்று நானும் நினைத்தேன்.

அத்தை முந்திக்கொண்டார். "தீவுக்குப் போய்ட்டு வந்தாங்க. சின்ன வயசு, ஆசையா தண்ணில எறங்கிட்டா. வெயில் கறுப்பு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அட, அதுக்கென்ன! நானும் பயந்துட்டேன். வெயில் கறுப்புன்னா ஒரு மாசத்துல போயிரும். எங்களுக்குச் சம்மதம். பொறவிக் கறுப்புன்னாதான் யோசிக்கணும்." காப்பிக் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கண்டார். "இது யாரு? வேலை செய்யற புள்ளையா?"

அப்பா காப்பியைக் கீழே வைத்தார். அம்மா வாயைத் திறந்து, "இது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இது என் சின்ன மகள் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான்கு நாள் மாதிரி இருந்தது.

அக்கா எழுந்தாள். பெண் பார்க்கும்போது பெண் எழக் கூடாது. நேராகத் திரைக்கு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் என்னையும் தன்னோடு உட்கார வைத்துக்கொண்டாள்.

"இவ என் தங்கச்சி ஆன்டி. அதோ உட்கார்ந்திருக்காரே, அவர் எங்க அப்பா. ரெண்டு பேரும் பொறவிக் கறுப்பு."

"என்னடி பேசற!" என்றார் அத்தை.

"எனக்கு வந்தது ஒரு மாசத்துல போயிரும், சரி. எனக்குப் பொறக்கற புள்ள இவ மாதிரி இருந்தா? அதையும் வேலை செய்யற புள்ளயான்னு கேப்பீங்களா? அப்பவும் யோசிப்பீங்களா? யோசிக்கிறவங்க வீட்டுக்கு நான் வரல ஆன்டி. காப்பிய குடிச்சிட்டுப் போங்க."

அவர்கள் குடிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் படியிறங்கும்போது திரும்பி எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்தார். அத்தை அவர்களோடேயே போய்விட்டார், அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல். அம்மா, வந்த வரனை உதைத்துத் தள்ளிவிட்டாளே என்று அழுதாள், மானம் போயிற்று என்றாள், படிக்க வைத்ததே தப்பு என்றாள்.

நான் அக்காவோடு அதே நாற்காலியில்தான் இருந்தேன். என் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. தைரியமாகப் பேசினாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவள் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"விடுக்கா, வலிக்குது," என்றேன். மூன்று நாளில் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"கொஞ்ச நேரம் இரு," என்றாள்.

அப்பா காப்பிக் கோப்பைகளை எடுத்துத் தட்டில் அடுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அலமாரியில அக்காவோட ஃபாரம் இருக்கு, எடுத்துட்டு வா," என்றார்.

நான் எழப் பார்த்தேன். அக்கா பிடியை விடவில்லை. அப்பா எங்கள் இருவரையும், ஒன்றாய்ச் சேர்ந்திருந்த எங்கள் கைகளையும் பார்த்தார். பிறகு அவரே எழுந்துபோய், துணிகளைக் கலைத்து ஃபாரத்தை எடுத்துவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.